ரீயூனியனில் ஏரியும் மலையும்: எங்கே நடப்பது, எங்கே தூங்குவது

திருச்சியிலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார்: "அண்ணா, ஆகஸ்டில் பத்து நாள் ரீயூனியன் வருகிறோம். நான், கணவர், பதினோரு வயது மகள், 64 வயது மாமியார். காரில் ஓடி ஓடிப் படம் எடுக்க விருப்பமில்லை. கொடைக்கானலில் ஏரியைச் சுற்றி நடப்போமே, அது மாதிரி ஏரியும் மலையுமாக இருக்கிற இடத்தில் நிதானமாக நடக்க வேண்டும். எந்தெந்த ஊரில் தங்கலாம்? மாமியார் சுத்த சைவம்."

நான் பிறந்தது காரைக்கால். இருபத்திரண்டு வருடமாக, இந்தியப் பெருங்கடலில் பிரான்சுக்குச் சொந்தமான இந்தத் தீவின் கிழக்கில், சேந்தாந்த்ரே ஊரில், ஒரு மருந்துக்கடையில் வேலை. திங்கட்கிழமை காலையில் முட்டிவலிக் களிம்பு கேட்டு வருகிறவர் நடந்து வரும் தினுசைப் பார்த்தே, ஞாயிற்றுக்கிழமை எந்த மலையில் இறங்கினார் என்று சொல்லிவிடுவேன். மலையில் ஏறுவதை விட இறங்குவதில்தான் முட்டி போகும். இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன், பின்னால் உதவும்.

கொடைக்கானல் ஏரி மாதிரி ஒன்று இங்கே கிடையாது. நட்சத்திர வடிவ ஏரி, சுற்றிலும் தார்ச்சாலை, மிதிவண்டி, சோளக்கதிர் என்று மனதில் வைத்துக்கொண்டு வந்தால் முதல் நாளே முகம் வாடிவிடும். தீவின் பரப்பு சுமார் 2,500 சதுர கிலோமீட்டர்தான். அதற்குள் 3,070 மீட்டர் உயரத்துக்கு ஒரு மலை நிற்கிறது, பித்தோன் தெ நேஜ். ஆனைமுடியை விடக் கிட்டத்தட்ட 400 மீட்டர் அதிகம். இத்தனை செங்குத்தான இடத்தில் தண்ணீர் தங்குமா? பெய்த மழை விழுந்தடித்துக்கொண்டு கடலுக்கு ஓடுகிறது. மழைக்குக் குறைச்சலும் இல்லை. 24 மணி நேரத்தில் அதிக மழை பெய்த உலக சாதனை இந்தத் தீவுடையதுதான்: 1966 ஜனவரியில், எரிமலைச் சரிவில் இருக்கும் ஃபொக்-ஃபொக் என்ற இடத்தில் 1,825 மில்லிமீட்டர். சென்னைக்கு ஒரு வருடம் முழுக்கப் பெய்வதே 1,400 சொச்சம். ஆக, ஏரி தேடி வருகிறவருக்கு இங்கே அகப்படுவது பெரும்பாலும் அருவிதான். மலையில் ஏரி என்று சொல்லத்தக்கது ஒன்றே ஒன்று உண்டு. குளம் குட்டைகள் நாலைந்து தேறும்.

அந்த ஒன்றிலிருந்து ஆரம்பிக்கலாம். பெயர் க்ராந்த் எத்தாங், 'பெரிய குளம்' என்றே அர்த்தம். சேன்-பெனுவா ஊரிலிருந்து மேலேறி ப்ளேன் தெ பால்மிஸ்த் போகும் சாலையில் பாதி தூரத்தில் ஒரு கிளைச்சாலை பிரியும். கார் நிறுத்துமிடத்திலிருந்து கால் மணி நேரம் நடந்தால் கரை. பழைய காலத்தில் எரிமலைக் குழம்பு வழிந்து வந்து பள்ளத்தாக்கின் வாயை அடைத்திருக்கிறது, பின்னால் தண்ணீர் தேங்கிவிட்டது. மனிதன் கட்டாத அணை. கரையில் நின்று பார்த்தால் எதிரே செங்குத்தான பச்சைச் சுவர், அதில் வெள்ளிச் சரிகை மாதிரி அருவிகள். ஏரியைச் சுற்றி வர இரண்டு மணி நேரம், பின்பக்கம் பிரா தானெத் அருவி வரைக்கும் போய்வந்தால் இன்னும் கொஞ்சம். ஏற்றம் என்று சொல்ல ஒன்றுமில்லை, சேறுதான் உண்டு. படகு, கடை, பஜ்ஜி எதுவும் கிடையாது. உங்கள் மாமியார் இங்கே தாராளமாக நடப்பார்.

இந்த ஏரி வருடம் முழுக்க ஒரே மாதிரி இருக்காது. மழைக்காலத்தில் நீர் ஏறிப் பாதையை விழுங்கிவிடும். மழை குறைந்த மாதங்களில் கரை பின்வாங்கிப் புல்வெளி தலைகாட்டும். நீங்கள் வருகிற ஆகஸ்டில் தண்ணீர் கொஞ்சம் இறங்கியிருக்கலாம், அதனால் நடக்க வசதிதான். சுற்றிலும் கோயாவியே என்று ஒரு செடி, கொய்யாவின் குட்டித் தங்கை, நெல்லிக்காய் அளவில் சிவப்புப் பழம். ஜூன் மாதம் வந்தால் பறித்துத் தின்றுகொண்டே நடக்கலாம். காட்டிலாகாக்காரர்களுக்கு இந்தச் செடியைக் கண்டால் ஆகாது, உள்ளூர் மரங்களை வளரவிடாமல் அமுக்குகிறது என்பார்கள். நாக்குக்கு அந்த நியாயம் புரிவதில்லை.

இரண்டாவது இடம் அதிகம் பேருக்குத் தெரியாது: பித்தோன் தெ லோ. எரிமலைக்குப் போகும் வழியில், மாடுகள் மேயும் புல்வெளிகளைத் தாண்டிப் போனால் ஒரு பழைய எரிமலைக் கூம்பு. அதன் வாய்க்குள் எட்டிப் பார்த்தால், நெருப்பு இருந்த இடத்தில் தண்ணீர். குளிர் விலகும் மாதங்களில் உள்சரிவெல்லாம் வெள்ளை ஆரம் லில்லிப் பூ மண்டிக் கிடக்கும். ஆகஸ்டில் பூ அவ்வளவாக இருக்காது, காற்றுதான் இருக்கும். காதை மூட ஏதாவது எடுத்துக்கொள்ளுங்கள். மற்றபடி சலாசியில் மார் ஆ பூல் தோ என்று ஒரு குளம், சிலாவோஸ் ஊருக்குள் மார் ஆ ஜோன் என்று இன்னொரு குளம். மாலையில் காலாற நடக்க இவை போதும், இவற்றுக்காகவே யாரும் மலையேற வேண்டாம்.

இனி மலை. பித்தோன் தெ நேஜ் உச்சியைச் சுற்றி மூன்று பெரும்பள்ளங்கள் இருக்கின்றன: சலாசி, மஃபாத், சிலாவோஸ். இங்கே அவற்றை 'சீர்க்' என்பார்கள். விளிம்பெல்லாம் ஆயிரம் மீட்டர்ச் சுவர், அடியில் மேடும் பள்ளமுமாய் ஊர்கள். மூன்று பிரம்மாண்ட அண்டாக்களை ஒட்டிவைத்தது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். 2010-இல் யுனெஸ்கோ இந்தச் சிகரங்களையும் பள்ளங்களையும் சுவர்களையும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அதற்கு 3 வருடம் முன்னால் தேசியப் பூங்கா ஆனது, தீவின் 42 சதவீதம் அதற்குள் அடக்கம்.

நீங்கள் கேட்ட 'எங்கே தங்கலாம்' என்ற கேள்விக்கு என் பதில் இந்த அமைப்பில்தான் இருக்கிறது. பெரும்பாலான ஆட்கள் கடற்கரையில் அறை எடுத்துக்கொண்டு தினமும் காரில் மலைக்கு வந்து போவார்கள். அது வீண். காலையில் மலை பளிச்சென்று இருக்கும். ஒன்பது, பத்து மணிக்குக் கடலிலிருந்து மேகம் ஏறி ஒவ்வொரு அண்டாவையும் நிரப்பிவிடும். கடற்கரையில் காலை உணவை முடித்துக்கொண்டு மலைக்கு வந்து சேர்கிறவர் பார்ப்பது வெள்ளைத் துணி. மேலே தூங்கி எழுந்தவருக்குத்தான் மலை. ஆகவே கடற்கரையை மறந்துவிட்டுப் பள்ளங்களுக்கு உள்ளேயே தூங்குங்கள். இடங்களைக் குறைத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று இரவு இருங்கள்.

இன்னொன்று, இங்கே யாரும் கிலோமீட்டரில் பேச மாட்டார்கள். 'எத்தனை மணி நேரம், எத்தனை மீட்டர் இறக்கம்' என்றுதான் கேட்பார்கள். வரைபடத்தில் நாலு கிலோமீட்டர்தானே என்று கிளம்பினால், நடுவில் 600 மீட்டர் இறங்கி மறுபடி 500 மீட்டர் ஏறவேண்டியிருக்கும். பழனி மலைக்கோயில் படிக்கட்டை மூன்று நான்கு முறை ஏறி இறங்குவதாக வைத்துக்கொண்டால் கணக்கு சரியாக வரும். பாதைகளில் மரத்துண்டும் கல்லும் வைத்துப் படி கட்டியிருக்கிறார்கள். உயரமான ஆட்களுக்காகக் கட்டியது போல ஒவ்வொரு படியும் முட்டி உயரம்.

சலாசியிலிருந்து ஆரம்பியுங்கள், சொந்த ஊர்ப் பாசத்தில் சொல்லவில்லை. எங்கள் சேந்தாந்த்ரேதான் அதன் வாசல். ஊரைத் தாண்டி ரிவியேர் து மா ஆற்றோரம் சாலை உள்ளே நுழைந்ததுமே இருபக்கமும் அருவிகள். ஒன்று சாலை மேலேயே விழுந்து காரைக் கழுவிவிடும். அதன் பெயரை மொழிபெயர்த்தால் மாமியார் முன்னால் சொல்ல முடியாது. இன்னொன்றுக்கு 'மணப்பெண்ணின் முக்காடு' என்று மரியாதையான பெயர். உள்ளே எல்-பூர் என்ற சிற்றூரில் தங்குங்கள். Hell-Bourg என்று எழுதுவதால் 'நரக ஊரா' என்று எனக்கு ஃபோன் செய்து கேட்டவர்கள் உண்டு. தெ ஹெல் என்ற ஒரு கவர்னரின் பெயர் அது, வேறொன்றுமில்லை. வெந்நீர் ஊற்றுக்காக ஒரு காலத்தில் பணக்காரர்களைப் பல்லக்கில் வைத்துத் தூக்கி வந்த ஊர். 1948 சூறாவளியோடு அந்த ஊற்று போனது. தகர வேலைப்பாடு வைத்த பழைய மரவீடுகள் மிச்சம்.

சலாசியின் அடையாளம் என்ன தெரியுமா? நம்ம சௌசௌ. இங்கே 'ஷூஷூ' என்பார்கள். மின்கம்பம், வேலி, கைவிட்ட வீட்டுக்கூரை என்று எதையும் விடாமல் கொடி படர்ந்து பள்ளத்தாக்கே பச்சைப் போர்வையாய்க் கிடக்கும். காயைக் கூட்டு மாதிரி வைப்பார்கள், பாலாடைக்கட்டி போட்டுச் சுடுவார்கள், கொடியின் நுனித் தளிரைக் கீரையாக வதக்குவார்கள், அந்தக் கொடியின் நாரை உரித்துத் தொப்பியும் பின்னுவார்கள். உங்கள் மாமியார் இந்த ஊரில் பட்டினி கிடக்க வாய்ப்பே இல்லை.

எல்-பூரிலிருந்து பேலூவ் காட்டுக்கு ஏறும் பாதை எனக்கு மிகவும் பிடித்தது. இரண்டு மணி நேர ஏற்றம், ஒரே மூச்சில் 500 மீட்டருக்கு மேல். மேலே போனதும் சமவெளிக் காடு: பாசி போர்த்திய மரங்கள், ஆள் உயரத்தைத் தாண்டிய பெரணி மரங்கள், தமரேன் தெ ஓ என்ற வேல மரங்கள். பெயரைக் கேட்டுப் புளியமரம் என்று நினைத்துவிடாதீர்கள், இது வேறு மரம். சூறாவளி தள்ளிவிட்டால் இந்த மரம் படுத்தபடியே மறுபடி வேர்விட்டு மேல்நோக்கி வளரும். அதனால் காடு முழுக்கப் பாம்பு மாதிரி வளைந்த தண்டுகள். (நிஜப் பாம்பு பற்றிக் கவலை வேண்டாம். விஷப்பாம்பு இந்தத் தீவில் கிடையாது.) அங்கிருந்து ஒன்றரை மணி நேரம் நடந்தால் த்ரூ தெ ஃபேர், 'இரும்புப் பொந்து', அதல பாதாளத்தில் விழும் அருவிகள். பாதை பெரும்பாலும் சேறு. மகளுக்குக் கொண்டாட்டமாக இருக்கும், துணி துவைக்கிறவருக்கு இருக்காது. ஏற முடியாதவர்களுக்கும் வழி உண்டு: ப்ளேன் தெ பால்மிஸ்த் பக்கமிருந்து காட்டுச்சாலை பேலூவ் வரை வருகிறது. க்ராந்த் எத்தாங் போகிற நாளிலேயே மாமியாரைக் காரில் இங்கே கூட்டி வந்து, விளிம்பில் நின்று சலாசி முழுவதையும் காட்டிவிடலாம்.

எல்-பூர் முற்றத்திலிருந்து பார்த்தால் பள்ளத்தின் நடுவே தனியாக ஒரு குன்று தெரியும், பித்தோன் தான்ஷேன். தோட்டத்திலிருந்து தப்பிய அடிமை ஆன்ஷேனும் அவன் மனைவி ஏவாவும் அதன் உச்சியில் ஒளிந்து வாழ்ந்ததாகக் கதை. கதையோ நிஜமோ, இந்த உயரங்களுக்கு முதலில் நடந்து வந்தவர்கள் தப்பி ஓடியவர்கள்தான். 1848 டிசம்பர் 20-ஆம் தேதி இங்கே அடிமைமுறை ஒழிந்தது. அதன் பிறகு கரும்பு வெட்ட ஆள் வேண்டுமென்று காரைக்காலிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் கப்பல் கப்பலாக நம்மவர்களை ஏற்றி வந்தார்கள். அவர்கள் வாரிசுகளைத்தான் இங்கே 'மல்பார்' என்கிறார்கள். அவர்கள் கடலோரக் கரும்புக்காட்டில் தங்கிவிட்டார்கள், மேலே வரவில்லை. அதனால் மலைக்கிராமங்களில் கோயில் மணிச்சத்தம் கேட்காது. பாதையோரம் சிவப்புச் சாயம் பூசிய சின்ன மாடங்கள் மட்டும் தென்படும். நம்ம ஊர் முனீஸ்வரன் மாதிரி இருக்கிறதே என்று கிட்டே போனால் உள்ளே சேந்த் எக்ஸ்பெதீ என்ற கிறிஸ்தவப் புனிதர் நிற்பார். வேண்டுதல் என்னவோ அதே ரகம்தான்: நினைத்த காரியம் அவசரமாக நடக்க வேண்டும்.

அடுத்தது மஃபாத். இதற்கு இரண்டு இரவாவது ஒதுக்காவிட்டால் நீங்கள் வந்ததில் பாதி வீண். மஃபாத்துக்குச் சாலை கிடையாது. சுமார் 700 பேர் வாழ்கிறார்கள், பள்ளிக்கூடம் இருக்கிறது, மாதா கோயில் இருக்கிறது, ரொட்டிக்கடை இருக்கிறது, கார் மட்டும் இல்லை. கேஸ் சிலிண்டர், அரிசி, பீர் எல்லாம் ஹெலிகாப்டரில் வரும். மற்றதற்கெல்லாம் நடைதான். மின்சாரம் சூரியத் தகட்டிலிருந்து. இவ்ரேன் போசே என்ற தபால்காரர் சுமார் 40 வருடம் கடிதப் பையோடு இந்தப் பள்ளத்தாக்கை நடந்தே சுற்றியிருக்கிறார், தீவில் அவர் பெயர் தெரியாதவர் கிடையாது. கிராமத்தை 'இலெத்' என்பார்கள், குட்டித் தீவு. பார்த்தால் புரியும், சுற்றிலும் பள்ளம், நடுவில் கையகலச் சமநிலம்.

நான் முதல்முறை போன கதையைச் சொல்கிறேன், அதே தப்பை நீங்கள் செய்யாமலிருக்க. தீவுக்கு வந்த புதிது. கொல் தெ பே கணவாயில் காரை நிறுத்தியபோது மதியம் இரண்டரை மணி. லா நூவேல் கிராமம் இரண்டு மணி நேர நடைதானே என்ற தைரியம். காலில் அன்று காலை வாங்கிய சப்பாத்து. இறங்க ஆரம்பித்த பத்தாவது நிமிடம் மேகம் வந்து மூடியது, முன்னால் போன மனைவியின் முதுகுப்பை கூடத் தெரியவில்லை. தமரேன் மரங்களுக்கு நடுவே சமவெளி வந்தபோது எதிரே ஏதோ பெரிதாக மூச்சு விட்டது. உயிர் போய்விட்டது எனக்கு. மேய்ந்துகொண்டிருந்த மாடு. இருட்டிய பிறகு ஊர் வந்து சேர்ந்தால், நாங்கள் பதிவு செய்திருந்த விடுதியின் நோட்டில் எங்கள் பெயர் இல்லை. சாப்பாட்டுக்கூடத்து பெஞ்சில் படுக்க இடம் கொடுத்தார்கள். மறுநாள் காலையில் சாக்ஸைக் கழற்றினால் இரண்டு பெருவிரல் நகமும் நாவல்பழக் கலர். விழுந்த நகம் திரும்ப வளர ஒரு வருடம் ஆகும் என்று கடையில் எல்லோருக்கும் நான் சொல்வது சொந்த அனுபவத்திலிருந்துதான்.

ஆனால் அந்த மறுநாள் காலை இருக்கிறதே. கதவைத் திறந்தால் நாலாபக்கமும் சுவர், அதன் உச்சியில் மட்டும் வெயில். கொஞ்சம் கொஞ்சமாக வெயில் சுவரில் இறங்கி வருகிறது. கீழே இன்னும் நிழல், எங்கோ சேவல், எங்கோ விறகுப்புகை. வண்டிச் சத்தம் என்று ஒன்று இல்லாத ஊரில் காது என்னென்னவோ கேட்கிறது. அன்று முழுக்க ஒரு குருவி எங்களோடு வந்தது. தெக்-தெக் என்று கூப்பிடும், அதுவே அதன் பெயர். பாதையில் பத்தடி முன்னால் உட்காரும், நாம் நெருங்கினால் இன்னும் பத்தடி பறக்கும், திரும்பிப் பார்க்கும். வழிகாட்டி வைத்துக்கொள்ள வசதியில்லாதவர்களுக்கு அரசாங்கம் கொடுத்தது என்று மனைவி சொன்னாள்.

உங்களுக்கு நான் சொல்லும் வழி: விடியும்போதே எல்-பூரிலிருந்து கிளம்பிக் கொல் தெ பே வந்துவிடுங்கள். காவலுள்ள கட்டண நிறுத்தம் இருக்கிறது, கண்ட இடத்தில் நிறுத்தாதீர்கள். நிதானமாக இறங்கி மதியத்துக்கு முன்னால் லா நூவேல். மறுநாள் இரண்டு மணி நேரத்தில் மார்லா, சுமார் 1,600 மீட்டர் உயரம், இன்னும் அமைதி. அங்கே பையை வைத்துவிட்டு, பாதை திறந்திருந்தால், த்ருவா ரோஷ் வரை போய் வாருங்கள். ஆறு ஒன்று வழவழப்பான பாறைத் தளத்தில் சாவகாசமாக ஓடிவந்து திடீரென்று தரையில் ஒரு பிளவுக்குள் விழுந்து காணாமல் போகும். ஓரத்தில் மகளைத் தனியாக விடாதீர்கள். மூன்றாம் நாள் மார்லாவிலிருந்து தமரேன் சமவெளி வழியாகவே கணவாய்க்கு ஏறிவிடலாம், மூன்று மணி நேரம். மாமியார்? அவரை இதில் சேர்க்காதீர்கள். 'நான் தினமும் வாக்கிங் போகிறேன்' என்பார், அது வேறு இது வேறு. அவரும் உங்கள் கணவரும் எல்-பூரில் இருக்கட்டும், நீங்களும் மகளும் போய்வாருங்கள். இல்லையென்றால் மேற்கே மாயிதோ என்ற 2,200 மீட்டர் விளிம்புக்குக் காரிலேயே போய், ஏழு மணிக்குள் நின்றால் மஃபாத் முழுவதும் காலடியில் தெரியும்.

மார்லாவில் ஒரு விடுதிக்கார அம்மா சமையலறையில் நின்று பேசியது நினைவுக்கு வருகிறது. பீன்ஸ் குழம்பில் ஒரு கொத்து இலையைப் போட்டார். 'இது என்ன' என்றேன், தெரியாதது போல. 'கலுபிலே' என்றார். கறிவேப்பிலை! முருங்கைக்கீரைக்கு 'ப்ரேத் மூரூம்' என்றார், ரசத்துக்கு 'ரசோன்'. அவருக்குத் தமிழ் தெரியாது, அவர் முன்னோர் யாரும் தமிழரும் இல்லை. சொல் மட்டும் கரும்புக்காட்டிலிருந்து மலையேறி அவர் அடுப்படிக்கு வந்திருக்கிறது.

சாப்பாட்டு விஷயத்தில் ஒரு சூட்சுமம். விடுதியில் இரவு எல்லோருக்கும் ஒரே பந்தி: சோறு, பருப்பு அல்லது பீன்ஸ், ஒரு கறி, காரத் துவையல். 'வெஜிடேரியன்' என்று சொன்னால் தலையாட்டிவிட்டுக் கோழியை மட்டும் எடுத்துவிடுவார்கள். பருப்புக்குள் புகையிட்ட பன்றித் துண்டு கிடந்தாலும் கிடக்கும். அதற்குப் பதில் 'மாமியார் கரேமில் இருக்கிறார்' என்று சொல்லுங்கள். இங்குள்ள மல்பார்கள் தீமிதிக்கும் காவடிக்கும் முன்னால் இருக்கும் விரதத்துக்கு அதுதான் பெயர். தீவில் பிறந்த எவருக்கும் அதன் கண்டிப்பு தெரியும். தனிச் சட்டி, தனிக் கரண்டி எல்லாம் கேட்காமலே வரும். பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள், போய் நின்று சொன்னால் முட்டைதான்.

சிலாவோஸ் மூன்றாவது பள்ளம், சலாசியை விடக் காய்ந்தது. கிழக்குக் காற்று சலாசியில் மழையைக் கொட்டிவிட்டு இங்கே வெறுங்கையோடு வரும். ஆகவே சலாசியில் விடாமல் பெய்தால் யோசிக்காமல் மூட்டையைக் கட்டிக்கொண்டு இங்கே வந்துவிடுங்கள். சேன்-லுய் ஊரிலிருந்து ஏறும் சாலைக்கு 400 வளைவு என்று பெயர். எண்ணிப் பார்த்தவன் இல்லை நான், கண்ணை மூடிக்கொண்டு வந்தேன். ஒற்றைக் கார் நுழையும் குகைப்பாதைகள் உண்டு. மாமியாருக்கு வாந்தி மாத்திரையைக் கிளம்புவதற்கு அரை மணி முன்னால் கொடுங்கள், பத்தாவது வளைவில் கொடுத்துப் பிரயோசனமில்லை. ஊர் 1,200 மீட்டரில் இருக்கிறது. வெந்நீர்க் குளியல் இல்லம் இருக்கிறது, பெண்கள் செய்யும் நூல் பூவேலை இருக்கிறது, சின்னஞ்சிறு பயறு வகை ஒன்று விளைகிறது. அந்தப் பயறு மற்றதை விடப் பல மடங்கு விலை, இருந்தாலும் வாங்குங்கள். ஊரைச் சுற்றி ரோஷ் மெர்வெய்யேஸ் பாறைக்கு ஒரு காலை நடை. தெம்பு இருந்தால் தாயிபித் கணவாய்: 800 மீட்டர் ஏற்றம், 2,081 மீட்டரில் நின்றால் ஒரு பக்கம் சிலாவோஸ், மறுபக்கம் மஃபாத்.

பித்தோன் தெ நேஜ் உச்சி பற்றி நிச்சயம் யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். சிலாவோஸ் பக்கத்திலிருந்து 1,100 மீட்டர் ஏறி 2,478 மீட்டரில் உள்ள விடுதியில் படுத்து, அதிகாலை மூன்றரை மணிக்கு நெற்றி விளக்கோடு கிளம்பி, சூரிய உதயத்துக்கு உச்சியில் நிற்பது வழக்கம். ஆகஸ்டில் அங்கே தண்ணீர் உறையும். நான் மூன்று முறை போயிருக்கிறேன். உதயம் அற்புதம்தான், ஆனால் அதன் பிறகு 1,700 மீட்டர் இறக்கம் இருக்கிறது, திங்கட்கிழமை களிம்பு வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் அங்கே போய்வந்தவர்கள்தான். பதினோரு வயதுக் குழந்தைக்கு உங்கள் முதல் பயணத்தில் இது வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

எரிமலைக்கு ஒரு நாள் போதும். பித்தோன் தெ லா ஃபூர்னேஸ், 2,632 மீட்டர், உலகில் அடிக்கடி வெடிக்கும் எரிமலைகளில் ஒன்று. சாலை ப்ளேன் தெ சாப்ல் என்ற செம்மண் பாலைவனத்தைக் கடந்து பா தெ பெல்கோம்ப் விளிம்பில் முடியும். அங்கிருந்து 500-க்கும் மேற்பட்ட படி இறங்கினால் உறைந்த குழம்பின் மேல் நடக்கலாம். ஃபொர்மிகா லியோ என்ற சின்னக் கூம்பு வரை போய்த் திரும்ப இரண்டு மணி நேரம். குழம்பு கொதிக்கிற நாளில் கீழே இறங்கும் கதவைப் பூட்டிவிடுவார்கள். திரும்பும் வழியில்தான் நான் முன்னே சொன்ன பித்தோன் தெ லோ குளம்.

பாதைகள் திறந்திருக்கின்றனவா என்று ஒவ்வொரு நடைக்கும் முதல் நாள் பாருங்கள். காட்டிலாகா மூடிய பாதைகளின் பட்டியலை வெளியிடுகிறது, ஒவ்வொரு சூறாவளிக்குப் பிறகும் அது நீளும். மூடியது என்று பலகை இருந்தால் மூடியதுதான். 'ஒரு பிரெஞ்சுக்காரர் தாண்டிப் போனாரே' என்று பின்னால் போகாதீர்கள், மேலே பாறை தளர்ந்திருக்கும். அண்ணாந்து பார்த்தால் நீல வானம், ஆனால் மலைக்குப் பின்னால் பெய்திருந்தால் ஓடை பத்து நிமிடத்தில் ஏறிவிடும். காலில் காயம் இருந்தால் குளத்தில் இறங்காதீர்கள், எலிக்காய்ச்சல் இங்கே உண்டு. மஃபாத்துக்கு ரொக்கமாக யூரோ எடுத்துப் போங்கள். குப்பையை நீங்களே திரும்பச் சுமந்து வாருங்கள். ஜூலையும் ஆகஸ்டு முதல் பாதியும் இங்கே பள்ளி விடுமுறை, மலை விடுதிகள் மாதக்கணக்கு முன்பே நிரம்பிவிடும். டிக்கெட் எடுக்கும் முன்னால் மஃபாத் படுக்கைகளைப் பதிவு செய்யுங்கள், கையோடு உறுதிக் கடிதத்தைத் தாளில் அச்சடித்து வையுங்கள். ஏன் என்று மேலே சொல்லியிருக்கிறேன்.

பத்து நாளைக் கட்டினால் இப்படி வரும்: எல்-பூரில் மூன்று இரவு, மஃபாத்தில் இரண்டு, ப்ளேன் தெ பால்மிஸ்தில் இரண்டு (க்ராந்த் எத்தாங், பேலூவ் விளிம்பு, எரிமலை மூன்றுக்கும் அங்கிருந்து வசதி), சிலாவோஸில் இரண்டு. மிச்சமிருக்கும் ஓர் இரவை மழைக்கு விட்டுவையுங்கள். மழை வராவிட்டால் சேந்தாந்த்ரேயில் எங்கள் வீட்டில் தங்குங்கள், கொலோஸ் கோயிலுக்கு மாமியாரைக் கூட்டிப் போகலாம்.

மாமியார் ரப்பர் செருப்போடு வரலாமா என்று தனியாகக் கேட்டிருந்தீர்கள். சேற்றில் வழுக்கும், வேண்டாம். நல்ல பிடிப்புள்ள சாதாரண சப்பாத்து போதும், ஒரு மாதம் முன்பே வாங்கித் தினமும் மொட்டைமாடியில் போட்டு நடக்கச் சொல்லுங்கள். ஊன்றுகோல் இரண்டு, ஒன்று அல்ல. கிளம்பும் முதல் நாள் எல்லோரும் கால் நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். இறங்கும் முன்னால் சப்பாத்துக் கயிற்றைக் கணுக்காலில் இறுக்கிக் கட்டினால் விரல் முன்னால் போய் இடிக்காது.